பழைய அக்கார்டு: வாங்குவது எளிது, வைத்திருப்பதுதான் வேலை

பழைய கார்ச் சந்தையில் உண்மையிலேயே மலிவாகக் கிடைப்பது சின்னக் கார் அல்ல, பெரிய சலூன் கார்தான். பத்து வயதான ஸ்விஃப்டை விற்பவர் கடைசி இரண்டாயிரத்துக்கும் பேரம் பேசுவார். அவரிடம் வாங்க ஆள் காத்திருக்கிறது. அதே வயதுள்ள அக்கார்டு, கேம்ரி, சூப்பர்ப், பஸாட் வைத்திருப்பவரோ, ஒழுங்கான மனிதர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருப்பார். வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு வண்டி நிற்கிறது. மகன் எஸ்யூவி வாங்கிவிட்டான். ஓட்டுநர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். 2008-ல் பதினாறு லட்சத்துக்கும் மேல் விலை சொல்லி வந்த கார், இன்று புதிய சின்னக் கார் ஒன்றின் விலையில் பாதிக்குக் கைமாறுவது இப்படித்தான்.

கோயம்புத்தூரில் நான் வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்டு. 2.4 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக். 2008 முதல் 2013 வரை இந்தியாவில் விற்ற எட்டாம் தலைமுறை. திருப்பூரில் பனியன் தொழில் செய்த ஒருவரிடமிருந்து வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. மலிவாகத்தானே வாங்கினீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: காரின் விலை குறைந்திருக்கிறது, பாகங்களின் விலை குறையவில்லை. வண்டி இன்று மூன்று லட்சம்தான் போகிறது என்பது அதன் முகப்பு விளக்குக்குத் தெரியாது; அது இன்னமும் பதினாறு லட்ச ரூபாய்க் காரின் விளக்குதான். ஆகவே வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைத்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையையும் சேர்த்ததுதான் காரின் உண்மையான விலை. அது கையில் இல்லாதவர் நல்ல நிலையிலுள்ள ஒரு ஹோண்டா சிட்டியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சிட்டி நல்ல கார்.

பிறகு எதற்கு இந்த வம்பு என்றால், ஓட்டுவதற்குத்தான். சேலம் போகும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அவிநாசியைத் தாண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் இரண்டாயிரம் சுற்றை ஒட்டித்தான் ஓடும். பேச்சைக் கொஞ்சமும் உயர்த்தாமல் பின் இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டு போகலாம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வாளையாறு பக்கம் உயரமான வண்டிகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும். தரையோடு படிந்து போகும் இந்தக் காரில் அதை ஸ்டீயரிங்கில் லேசாக உணர்கிறோம், அவ்வளவே. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 2.8 மீட்டர். பின்னால் உட்கார்பவர் காலை நீட்டிக்கொள்ளலாம். கியர் மாற்றம் அவசரம் இல்லாதது. இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் ஐந்து கியர் என்பது பழமைதான். ஆனால் 180 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின் முன்னால் இருக்கும்போது ஆறாவது கியர் இல்லை என்ற நினைப்பு எனக்கு வருவதே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பாவுக்கு முழங்கால் வலி. இந்தக் காருக்குள் ஏறுவது கிடையாது, இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது. வெளியே வருவதற்குக் கை கொடுக்க வேண்டும். வயதானவர்களை அடிக்கடி அழைத்துப் போகிறவர்கள், வாங்குவதற்கு முன் அவர்களை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது. ஐந்து பேர் ஏறினால், கிராமச் சாலைகளில் யாரோ கோபத்தில் கட்டியது போன்ற வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். குறுக்காகச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கிராஸ்கட் சாலையில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளத்துக்கு நிறுத்துமிடம் தேடுவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. நகரத்துக்குள் லிட்டருக்கு ஏழு, எட்டு. நெடுஞ்சாலையில் பதினொன்று, பன்னிரண்டு. இந்த எண்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இங்கேயே வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம், அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை.

இத்தகைய காரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான். ஆயிலைத் தவறாமல் மாற்றியிருந்தால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அதற்குப் பெரிய விஷயம் அல்ல. பதினைந்து வயதுக் காரைக் கெடுப்பது ஓட்டத்தைவிடக் காலம்தான். சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் வெடிக்கின்றன, குழாய்கள் விறைக்கின்றன, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி வெயிலிலும் சூட்டிலும் நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. இவையெல்லாம் வண்டி நின்றாலும் நடக்கும். நின்றால் கூடுதலாக எலி வேறு.

நண்பர் ஒருவருக்காகப் பொள்ளாச்சிப் பக்கம் இதே மாதிரி வண்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். தென்னந்தோப்பு வீடு, தனி ஷெட், மேலே துணிப்போர்வை. மீட்டரில் நாற்பதாயிரம்கூட ஆகவில்லை. விற்பவர் பெருமையோடு, “டயரைக்கூட இன்னும் மாற்றவில்லை, பாருங்கள்” என்றார். பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. தொழிற்சாலையில் போட்ட அதே டயர்தான். மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த வண்டியில் ரப்பர் என்று பெயர் சொல்லக்கூடிய எதையுமே யாரும் மாற்றியிருக்க முடியாது என்பதற்கும் அதுவே சாட்சி. கடைசியில் நண்பர் வாங்கியது, சென்னையில் ஒரு நிறுவன அதிகாரி தினமும் அலுவலகம் போய்வந்த வண்டி. ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஓடியிருந்தது. கூடவே தடிமனான பில் கோப்பு ஒன்றும் வந்தது. அந்தக் கோப்புக்காகவே நான் இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பேன்.

பார்க்கப் போகும்போது நான் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, காலையில் வண்டியின் முதல் ஸ்டார்ட் என் எதிரில் நடக்க வேண்டும் என்பது. போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுவேன். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் அதற்குரிய நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். செங்காவி நிறத்தில் கலங்கி இருந்தால், யாரோ பல வருடமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். சூடேறிய பின் ஏசியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி டிரைவ் நிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் நடுக்கம் வந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்கள் தளர்ந்துவிட்டன. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஓரிரு நொடி தயங்கிப் பிறகு ‘டொக்’கென்று பிடித்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் நான் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியா என்ற சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் நின்ற கார்கள் ஏராளமாக மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் வண்டிகள் ஏலத்தில் போகும். அவற்றில் சில கழுவித் துடைத்து வேறு ஊர்களில் விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தில்லியிலிருந்து வரும் வண்டிகள் தனி ரகம். அங்கே பத்து வயது டீசலுக்கும் பதினைந்து வயது பெட்ரோலுக்கும் வந்த தடையால், தடையில்லாச் சான்று வாங்கித் தெற்கே கொண்டுவந்து விற்கிறார்கள். கார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி, அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகி, பழைய கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கு வங்கி கொடுக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். தரகர் ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்பார். அடுத்த வாரமே பணத்தையும் கொடுத்துக்கொள்ளலாம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் நான் செய்தது பாலிஷ் இல்லை, திரவங்கள். எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பவர் ஸ்டீயரிங் ஆயில், ஐந்தையும் மாற்றினேன். முன்பு யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் இது கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்கான வழி. இதில் கியர்பாக்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காரில் பாக்கெட்டை உண்மையாகவே காலி செய்யக்கூடிய பாகம் அதுதான்.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்கள் ஒரு மையத்தைச் சுற்றி ஓடும் பற்சக்கரத் தொகுதிகளாக இருக்கும். ஹோண்டா அந்தக் காலத்தில் வேறு வழியில் போனது. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் இருப்பது போல இணையான தண்டுகளில் பற்சக்கரங்களை வைத்து, ஆயில் அழுத்தத்தால் பிடிக்கும் கிளட்ச்களைக் கொண்டு கியர்களை மாற்றியது. ஆகவே அந்த கிளட்ச்களின் உராய்வுக்கு ஏற்ற ஆயிலே வேண்டும். முன்பு ஹோண்டா இசட்-1 என்ற பெயரில் விற்றது, பிறகு டிடபிள்யூ-1. ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்’ என்று எழுதிய டப்பாவைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். வடிகால் போல்ட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதில் பாதிகூட வராது, இரண்டரை லிட்டர் அளவுக்குத்தான் வரும். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் மற்ற இடங்களிலும் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி மாற்றி, இன்னொரு முறையும் மாற்றினால்தான் பெரும்பகுதி புதிதாகும். இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தில் கழுவித் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள். பழைய கியர்பாக்ஸில் அதற்கு நான் சம்மதிப்பதில்லை. படிந்திருக்கும் தூள் கிளம்பி வால்வுகளில் போய் அடைத்துக்கொண்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துண்டுகள் இருந்தால் பேச்சு வேறு. அளவு பார்ப்பதற்கும் முறை இருக்கிறது: எஞ்சின் நன்கு சூடான பிறகு அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பார்ப்பது வேறு கார்களின் பழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து அளவு தவறாக ஊற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

பவர் ஸ்டீயரிங்கிலும் இதே கதைதான். இந்தத் தலைமுறையில் அது ஆயிலில் இயங்கும் பழைய முறை. அதற்கென்று தனி ஆயில் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் கை போகும் டப்பாவோ கியர் ஆயில் டப்பா. என் வண்டியில் காலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முனகல் ஒன்று கேட்கத் தொடங்கியது. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் பம்ப்பையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகைக்கு நல்ல டயர் நான்கு வாங்கலாம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். ஆயில் தொட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “நுரை இருக்கிறது தம்பி. பம்ப் காற்றை இழுக்கிறது. பம்ப்பின் மேல் குற்றமில்லை, வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்ப்போம்” என்றார். பம்ப்புக்கு ஆயில் போகும் குழாயின் முனையில் விரலளவு வளையம் ஒன்று. விறைத்து, தட்டையாகி, பிளாஸ்டிக் போல இருந்தது. மாற்றினோம், முனகல் போனது. வளையத்தின் விலை நாங்கள் குடித்த டீயைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பதினைந்து வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் அதைவிட என்ன செய்யும்?

இப்படிப்பட்ட மெக்கானிக் ஒருவர் இல்லாமல் பழைய பெரிய கார் வைத்திருக்க முடியாது. காரைத் தேடுவதற்கு முன்னால் அவரைத் தேடிக்கொள்வது உத்தமம். அவரை எப்படி அறிவது என்று கேட்டால், நான் வைத்திருக்கும் சோதனைக் கேள்வி ஒன்று: “இந்த எஞ்சினில் டாப்பெட் செட்டிங் உண்டா அண்ணா?” டாப்பெட் செட்டிங் என்றால் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது; இந்த 2.4 எஞ்சினில் அது தானாகச் சரியாகிக்கொள்ளாது. திருகும் நட்டும் வைத்துக் கையால் சரிசெய்ய வேண்டியது. ஆறிய எஞ்சினில், ஃபீலர் கேஜ் வைத்து, அரை நாள் வேலை. ‘புதுக் காலத்து எஞ்சினுக்கெல்லாம் அது தேவையில்லை’ என்று பதில் வந்தால், ஆயில் மாற்றுவதற்கு மட்டும் அவரிடம் போகலாம்.

சஸ்பென்ஷனில் காசு போவதைத் தவிர்க்க முடியாது. முன்னால் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். வளைவுகளில் இந்தக் கார் காட்டும் நிதானத்துக்கு அது ஒரு காரணம். சின்னக் கார்களில் இருப்பதைவிட அதில் கைகளும் புஷ்களும் பால் ஜாயிண்ட்களும் அதிகம். தேய்வதற்கும் அத்தனை இடங்கள். கீழ்க் கையின் பெரிய புஷ் வெடித்துவிட்டால் பிரேக் அடிக்கும்போது முன்பக்கம் லேசாக அலைபாயும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகத் தெரியும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து உள்பக்கத்தைத் தடவினால்தான் கம்பி குத்தும். புஷ்ஷை மாற்றாமல் மாதம் ஒருமுறை அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அழுத்தி மாற்றித் தர கோவையில் ஆள் இருக்கிறார்கள், முழுக் கையும் வாங்க வேண்டியதில்லை. இந்த ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்! பழைய கார் வைத்துக்கொள்ள தமிழ்நாட்டிலேயே மிகத் தோதான ஊர் இதுதான் என்பது என் கட்சி. சென்னைக்காரர்கள், பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் விற்கும் தங்கள் புதுப்பேட்டையைக் காட்டி வாதாடுவார்கள்.

புதுப்பேட்டையை நானும் குறை சொல்ல மாட்டேன். கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் மோட்டார், பின் விளக்கு, ஸ்விட்ச் போன்றவற்றை உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததாக வாங்குவதில் தவறில்லை. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கக் கூடாது. எஞ்சின் பாகங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: இதே 2.4 குடும்ப எஞ்சின்தான் அந்தக் காலத்து ஹோண்டா சிஆர்-வி காரிலும் ஓடியது. அக்கார்டுக்கு என்று கேட்டால் இல்லை என்று கை விரிக்கும் கடைக்காரரிடம் சிஆர்-வி என்று கேட்டால் சில சமயம் உள்ளேயிருந்து வரும். பாக எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போவது இன்னும் நல்லது. ஸ்பார்க் பிளக்கில் போலி அதிகம். இரிடியம் பிளக் பாதி விலைக்குக் கிடைத்தால் அது இரிடியம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடும் ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. ஐந்து வயது தாண்டிய காரின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான் நடைமுறை. பிரீமியத்தைக் குறைக்க ஆசைப்பட்டு அதைத் தாழ்த்திப் போட்டால், விபத்து நடந்த அன்று மாட்டிக்கொள்வோம். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். இரண்டு லட்சம் மதிப்புப் போட்ட அக்கார்டு முன்னால் ஒரு லாரியின் பின்பக்கத்தில் மோதி, இரண்டு ஏர்பேக் வெடித்து, விளக்குகளும் ரேடியேட்டரும் ஏசி கன்டென்ஸரும் போனால் செலவு அந்தக் கணக்கைச் சுலபமாக எட்டிவிடும். ஓட்டக்கூடிய நல்ல கார் காகிதத்தில் செத்துவிடும். ஆகவே பேசிக் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன்.

ஏர்பேக் என்றதும் ஒன்று. உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் கார்களைப் பாதித்த டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் கருவி) விவகாரத்தில், இந்த வயதுடைய ஹோண்டா கார்களும் இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டிருக்கின்றன. உள்ளிருக்கும் வெடிபொருள் வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விபத்தின்போது பையை விரிப்பதற்குப் பதில் உலோகக் கூட்டையே பிளந்து துண்டுகளை வீசக்கூடும் என்பதுதான் பிரச்சினை. நம் ஊர் வெயிலுக்கும் கடற்கரை ஈரத்துக்கும் இது சாதாரண விஷயம் அல்ல. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா, மாற்றியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். மாற்றித் தருவது இலவசம், எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும். பழைய உரிமையாளர் முகவரி மாறிப் போயிருப்பார், கடிதம் அவருக்குப் போயே சேர்ந்திருக்காது. வாங்கிய வாரத்திலேயே பார்த்துவிட வேண்டிய வேலை இது.

எரிபொருளும் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2010-ல் செய்த கார் அதற்காக வடிவமைக்கப்பட்டது அல்ல. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜ் கொஞ்சம் இறங்குவது கணக்குப்படியே நடக்கக்கூடியது. என் வண்டியிலும் இறங்கியிருக்கிறது, பதறும் அளவுக்கு இல்லை. நான் கவனிப்பது ரப்பரைத்தான். எரிபொருள் குழாய்களையும் இணைப்புகளையும் ஒவ்வொரு சர்வீஸிலும் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் பாதித் தொட்டியோடு வாரக்கணக்கில் நிறுத்துவதில்லை. வெளியூர் போவதாக இருந்தால் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது இருபது, முப்பது கிலோமீட்டர் சூடேறும்படி ஓட்டுகிறேன். வாசலில் நிறுத்தியபடியே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது ஓட்டியதாகாது.

பதினைந்து வருடம் முடிந்ததும் ஆர்சி எனும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். பசுமை வரி தனி. எங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியைப் பார்த்தார், விளக்குகள், ஹாரன், பிரேக், சேஸிஸ் எண். பெரிதாக ஒன்றும் தொந்தரவு இல்லை. முகப்பு விளக்கின் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கை முந்தின நாள் பாலிஷ் செய்து வைத்திருந்தது வீண்போகவில்லை. வாங்கும்போதே இந்தத் தேதியைப் பாருங்கள். பதினான்கு வயதில் ஒரு கார் திடீரென்று மலிவாகக் கிடைத்தால், காரணம் பெரும்பாலும் எஞ்சினில் இருக்காது, ஆர்சியின் கடைசித் தேதியில் இருக்கும். அந்தத் தேதியைக் காட்டி இன்னும் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

மலைச் சாலையைப் பற்றியும் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதில் இந்த எஞ்சினுக்குச் சிரமமே இல்லை. இறங்கும்போது ஆட்டோமேட்டிக்கை டிரைவிலேயே விட்டுவிட்டு வழி முழுக்க பிரேக்கை மிதிப்பவர்கள் பர்லியாறு வருவதற்குள் கருகிய வாசனையை முகர்வார்கள். ஒன்றரை டன் எடை. கீழ் கியரில் பிடித்து வைத்து, எஞ்சினையே வண்டியை இழுத்துப் பிடிக்கவிட வேண்டும்; சத்தம் கூடினால் கூடட்டும், அதற்காகச் செய்ததுதான் அது. இறங்கி முடித்தவுடன் சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடித்துக் கழுவ விடாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

எதுவரை இதை வைத்திருப்பாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். கணக்கு தெளிவாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தின் பழுதுச் செலவு வண்டியின் அன்றைய விலையில் பாதியை எட்டாதவரை ஓடும். மவுன்ட், புஷ், ரேடியேட்டர், ஏசி எல்லாம் அதற்குள் அடங்கும். எஞ்சினில் பெரிய வேலை வந்தால் சிஆர்-வி எஞ்சினின் பாகங்கள் கிடைக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பேன். கியர்பாக்ஸ் போனால் தேட மாட்டேன். நல்ல டயர்களையும் புதிய பேட்டரியையும் தனியே விற்றுவிட்டு, மீதியை உடைப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். அந்த விளக்குகளுக்கும் கதவுகளுக்கும் காத்திருக்கும் அக்கார்டுக்காரர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.